சுக்கான் இழுக்கிறது, கம்பி தளர்கிறது: பழவேற்காட்டில் சின்னப் பாய்ப்படகு வைத்திருப்பவர்களுக்கு

ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழவேற்காடு ஏரியில், ஆரம்பாக்கம் பக்கமோ தடா பக்கமோ, சின்னப் பாய்ப்படகு ஓட்டுகிறவர்கள் "பாய்மரம் சரியில்லை, கம்பி சரியில்லை" என்று சொல்லும் புகார்களில் நிறைய கம்பிப் புகாரே இல்லை. கம்பி என்றால் பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் ஸ்டீல் கம்பி. ஏரி ஆழமில்லாதது, பல இடத்தில் இறங்கி நடக்கலாம், கோடையில் முகத்துவாரம் மணல் மூடிவிட்டால் இன்னும் மோசம். அதனால் சென்டர்போர்டை, அதாவது படகு பக்கவாட்டில் நழுவாமல் நடுவில் தண்ணீருக்குள் இறக்கும் பலகையை, பாதி தூக்கி, சுக்கான் பலகையையும் பின்னால் கொஞ்சம் தூக்கிவிட்டு ஓட்டுவது இங்கே எல்லோருக்கும் பழகிவிட்டது. அப்படி ஓட்டும்போது படகு காட்டுகிற குணம் அச்சு அசலாகப் பாய்மரக் கோளாறு மாதிரியே இருக்கும். உடனே கம்பியை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளைத் திருகுவார்கள், இருந்த நல்ல டியூனும் (கம்பிகளின் சரியான இறுக்கமும்) போய்விடும். கரையில் நிற்கிற மீனவ அண்ணன்மார் "தண்ணிக்குள்ள பார்க்காம மேலே எதுக்கு அண்ணாந்து பார்க்கிறே" என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான்.

ஆகவே வரிசை இது: முதலில் தண்ணீருக்குள் இருப்பது, அடுத்து பாய்மரம் உட்காரும் இடம், அப்புறம் பாய், கடைசியில்தான் கம்பி.

எந்தப் படகைப் பற்றிப் பேசுகிறேன் என்றால், 15 முதல் 20 அடி ஃபைபர் படகு, அலுமினிய மரம், முன் கம்பி ஒன்று, ஒவ்வொரு பக்கமும் மேலே வரை போகும் உயரக் கம்பி ஒன்று, பாதி உயரத்தில் நிற்கும் குட்டைக் கம்பி ஒன்று, நடுவில் கம்பியை வெளியே தள்ளிப் பிடிக்கும் குறுக்குக் கை, அதாவது ஸ்ப்ரெடர், ஒரு ஜோடி. சிலதில் பின் கம்பியும் இருக்கும். ஆப்டிமிஸ்ட், லேசர் மாதிரிக் கம்பியே இல்லாத படகு என்றால் இதில் முக்கால்வாசி உங்களுக்குத் தேவைப்படாது.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. மரத்தை நிமிர்த்தும் இடத்திலும் படகைத் தள்ளிக்கொண்டு போகும் வழியிலும் தலைக்குமேல் மின்கம்பி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மரத்தைத் தொட வேண்டும். அலுமினிய மரம், ஸ்டீல் கம்பி, ஈரக் கால். இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

சுக்கான் கனக்கிறது, படகு காற்றைப் பார்த்தே திரும்புகிறது

இங்கே அதிகம் கேட்கிற புகார் இதுதான், தப்பாகச் சரிசெய்யப்படுவதும் இதுதான். சுக்கான் பிடி கனமாக இருப்பது வேறு, கோணலாக நிற்பது வேறு. படகு நேராகப் போகும்போது பிடி கிட்டத்தட்ட நடுவிலேயே இருக்கிறது, ஆனால் கை வலிக்கிறது என்றால் அது சுக்கான் பலகையின் வேலை. மடக்குச் சுக்கானில் பலகையைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கயிறு நழுவியிருக்கும், அல்லது சேற்றில் தட்டிப் பின்னால் எழும்பியிருக்கும். பலகை அச்சுக்குப் பின்னால் போகப் போகக் கைக்கு வரும் பாரம் ஏறிக்கொண்டே போகும், பாய்மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. பலகையை முழுக்க இறக்கிக் கயிற்றை இறுக்குங்கள், அநேகமாக அங்கேயே தீர்ந்துவிடும்.

பிடியை நடுவிலிருந்து நன்றாகத் தள்ளிப் பிடித்தால்தான் படகு நேராகப் போகிறது, விட்டால் மூக்கை நேரே காற்றுக்குள் நுழைக்கிறது என்றால் அது நிஜமாகவே மேல் பக்கத்துச் சமாச்சாரம். கொஞ்சம், ஒரு 3 முதல் 5 டிகிரி வரை, அந்தக் குணம் இருப்பது நல்லது. பிடியை விட்டுத் தண்ணீரில் விழுந்தால் படகு தானாகக் காற்றுக்குத் திரும்பி நிற்குமே. அதற்கு மேல் போனால் முதலில் படகு எவ்வளவு சாய்கிறது என்று பாருங்கள், ஏனென்றால் அதிகம் சாய்கிற எந்தப் படகும் காற்றுப் பக்கம் திரும்பத்தான் பார்க்கும். ஆளை மேட்டுப் பக்கம் உட்கார வைத்து, மெயின் பாயை (பெரிய பாய்) தட்டையாக இழுத்து, பாயை இழுத்துப் பிடிக்கும் ஷீட் கயிற்றைக் கொஞ்சம் விட்டு, அதுவும் போதாவிட்டால் பாயைக் குறைத்துப் பாருங்கள். படகு நிமிர்ந்து ஓடும்போதும் குணம் மாறவில்லையென்றால்தான் மரத்தின் பின்சாய்வைச் சந்தேகிக்க வேண்டும்.

பின்சாய்வை அளப்பது சுலபம். படகு தண்ணீரில் மட்டமாக மிதக்கட்டும், யாரும் உள்ளே ஓரமாக உட்கார வேண்டாம். மெயின் பாயின் ஏற்றுக் கயிற்றில் ஒரு எடையைக் கட்டித் தொங்கவிட்டு, எடை ஆடாமல் இருக்க ஒரு வாளித் தண்ணீரில் முக்கி வையுங்கள். மரத்தின் பின்புறத்துக்கும் கயிற்றுக்கும் அடியில் எவ்வளவு இடைவெளி என்று டேப் வைத்துப் பாருங்கள். 7 மீட்டர் மரத்தில் ஒரு டிகிரி என்பது சுமார் 12 சென்டிமீட்டர். சின்னப் படகுகளில் ஒன்று இரண்டு டிகிரி சாதாரணம், படகு செய்தவர் ஓர் அளவு கொடுத்திருந்தால் அதுதான் கணக்கு. அதிகம் என்றால் முன் கம்பியைக் குறுக்கி மரத்தை முன்னால் கொண்டுவர வேண்டும், ஆனால் பக்கக் கம்பிகள் பின்னோக்கிச் சரிந்து இறங்கும் படகுகளில் அவற்றைத் தளர்த்தாமல் முன் கம்பியை மட்டும் திருகினால் மரம் வராது, எல்லாம் சேர்ந்து இறுகும், அவ்வளவுதான். உச்சியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மாற்றம் செய்து ஓட்டிப் பாருங்கள், மொத்தத்தையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம்.

மூக்கு காற்றை விட்டு விலகுகிறது, படகு பக்கவாட்டில் நழுவுகிறது

சென்டர்போர்டு. வேறெதையும் தொடுவதற்கு முன்னால் அதை முழுக்க இறக்கி, ஆழமுள்ள இடத்தில் ஓட்டிப் பாருங்கள். சுழன்று எழும்பும் வகைப் பலகையைப் பாதி தூக்கினால் அதன் பரப்பு குறைவது மட்டுமில்லை, அது பின்னாலும் போகிறது. தண்ணீருக்குள் படகைப் பிடித்து நிறுத்தும் மையம் பின்னால் நகர்ந்தால் மூக்கு மறைவுப் பக்கம், அதாவது காற்று போகிற பக்கம், விழத்தான் செய்யும். இதைப் பார்த்துவிட்டு மரத்தைப் பின்னால் சாய்த்தவர்கள், ஐப்பசி மழை பெய்து ஏரி நிறைந்து பலகையை முழுக்க இறக்கிய அன்று, மேலே சொன்ன முதல் புகாரோடு வந்து நிற்பார்கள்.

நேராக மேலே உருவும் பலகை என்றால் மையம் அவ்வளவு நகராது, நழுவல் மட்டும் அதிகமாகும். பலகை முழுக்க இறங்கியும் மூக்கு விழுந்தால் மரம் முன்னால் சாய்ந்திருக்கிறது, பின்சாய்வை அளந்து சரிசெய்யுங்கள். இந்தக் குணத்தோடு ஓட்டுவது ஆபத்து. பிடியை விட்டால் படகு நிற்காது, திரும்பி ஓட ஆரம்பித்துவிடும்.

மறைவுப் பக்கக் கம்பி தொளதொளவென்று ஆடுகிறது

காற்றை ஒட்டி ஓடும்போது காற்றுப் பக்கக் கம்பி பாரத்தை எல்லாம் வாங்குகிறது, கம்பி நீள்கிறது, படகின் உடம்பும் கொஞ்சம் நெளிகிறது, அதனால் மறைவுப் பக்கக் கம்பி கொஞ்சம் தளர்வது இயற்கை. அதைக் கண்டு பயந்து கரையில் வைத்துக் கம்பிகளை வீணைத் தந்தி மாதிரி முறுக்கி வைப்பவர்கள்தான் அதிகம். விளைவு, மரத்தின் அடி கீழே அழுந்துகிறது, கம்பியின் அடியைப் படகோடு பிடிக்கும் செயின்பிளேட் தகடு மேலே இழுபடுகிறது, ஆறு மாதத்தில் படகே நெளிந்துவிடுகிறது.

அளவு என்னவென்றால், படகு 15 முதல் 20 டிகிரி சாய்ந்து ஓடும்போது மறைவுப் பக்க உயரக் கம்பி அப்போதுதான் தளர ஆரம்பிக்க வேண்டும். கையால் அசைத்தால் அசையலாம், கண்ணுக்குத் தெரிய ஊஞ்சலாடக் கூடாது. லேசான காற்றிலேயே ஆடினால் கண்டிப்பாகத் தளர்வு.

திருக வேண்டியது எப்போதும் மறைவுப் பக்கத்தைத்தான். பாரம் ஏறிய டர்ன்பக்கிளைத் திருகினால் ஸ்டெயின்லெஸ் மரை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கெட்டுப்போகும். தளர்ந்த பக்கத்தில் அரைச் சுற்று, ஒரு சுற்று என்று எண்ணிக்கொண்டே இறுக்குங்கள், டேக் மாறுங்கள், அதாவது காற்று மறுபக்கம் படும்படி படகைத் திருப்புங்கள், இப்போது தளர்ந்திருக்கும் அந்தப் பக்கத்தில் அதே எண்ணிக்கை, திரும்ப டேக் மாறிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுக்கிவிட்டு மற்றதை நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் மரம் நடுவை விட்டு விலகிவிடும்.

இதற்குக் காற்று வேண்டும். ஏரியில் அங்கங்கே வெள்ளை நுரை தெரிய ஆரம்பிக்கிற காற்று, 10 முதல் 12 நாட், சரியாக இருக்கும். கோடை மதியத்தில் கடல்காற்று எழும்பிய பிறகு கிடைக்கும். ஏரியின் நடுவே பாருங்கள். ஸ்ரீஹரிகோட்டா தீவின் மரங்களை ஒட்டினால் காற்று துண்டு துண்டாக வரும், தவிர அந்தப் பக்கம் தடைசெய்யப்பட்ட பகுதி, நெருங்கவே வேண்டாம்.

டென்ஷன் மீட்டர் இல்லையே என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. பத்தொன்பது இழை ஒற்றை முறுக்குக் கம்பி, அதாவது 1×19 ஸ்டெயின்லெஸ் என்றால், 2 மீட்டர் நீளத்தில் 1 மில்லிமீட்டர் நீண்டால் அது அறுபடும் பாரத்தில் 5 சதவீதம் ஏறியிருக்கிறது என்று பொருள். கம்பியைக் கையால் இறுகும் அளவுக்கு மட்டும் விட்டு, 2 மீட்டர் நேரான அலுமினியச் சட்டம் ஒன்றின் மேல் முனையைக் கம்பியோடு டேப் போட்டு ஒட்டுங்கள். சட்டத்தின் கீழ் முனை, கம்பியின் அடி முனையில் உள்ள குழலுக்குச் சற்று மேலே சும்மா நிற்கட்டும். அந்த இடைவெளியை வெர்னியரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். திருகத் திருக இடைவெளி கூடும். இந்த அளவுப் படகில் உயரக் கம்பிக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர், அதாவது 10 முதல் 15 சதவீதம், ஓட்டிப் பார்க்க ஆரம்பிக்க நல்ல இடம். குட்டைக் கம்பிக்கு அதைவிடக் குறைவு. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் திருகுங்கள், ஏனென்றால் ஒன்றை இறுக்கினால் எதிர்ப்பக்கமும் ஏறும். பலமுறுக்கு வளைகம்பிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அந்தக் கம்பியை மரத்தை நிறுத்தப் போடவும் கூடாது, இறுக்க இறுக்க நீண்டுகொண்டே இருக்கும்.

வெயிலில் மரம் சூடேறினால் கம்பி இறுகுமா என்று கேட்கிறார்கள். இறுகும், அலுமினியம் ஸ்டீலைவிட அதிகம் விரியும். ஆனால் 7 மீட்டர் மரத்தில் அது ஒரு மில்லிமீட்டர் சங்கதி, தூக்கம் கெட வேண்டாம்.

அண்ணாந்து பார்த்தால் மரம் பாம்பு மாதிரி நெளிகிறது

ஓடும்போது மரத்தடியில் தலையை வைத்து, பாய் நுழையும் காடியை ஒட்டி மேலே பாருங்கள். இரண்டு டேக்கிலும் பார்க்க வேண்டும்.

உச்சி மறைவுப் பக்கம் விழுகிறது, நடு நேராக இருக்கிறது என்றால் உயரக் கம்பி தளர்வு. நடு மறைவுப் பக்கம் தொய்கிறது, உச்சி காற்றுப் பக்கம் கொக்கி போட்டது போல் தெரிகிறது என்றால் குட்டைக் கம்பி தளர்வு. நடுவே காற்றுப் பக்கம் இழுபட்டிருந்தால் குட்டைக் கம்பியை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறீர்கள். இந்த மூன்றில் பெரும்பாலான படகு அடங்கிவிடும். முன் கம்பி உச்சிக்குக் கீழேயே நின்றுவிடும் படகில், அதற்கு மேலே உள்ள நுனி பலத்த காற்றில் கொஞ்சம் மறைவுப் பக்கம் வளைந்தால் அது கோளாறு இல்லை.

பக்கவாட்டில் பார்ப்பதோடு விட்டுவிடாதீர்கள், முன்பின் வளைவையும் பாருங்கள். நடு முன்னால் கொஞ்சம் வளைந்திருப்பது நல்லது. நடு பின்னால் தள்ளி, மரம் எதிர்ப்பக்கமாக வளைந்து நின்றால் உடனே பாயை இறக்கிவிட்டுக் கரைக்கு வாருங்கள், அலையில் ஒரு குலுக்கல் போதும் ஒடிவதற்கு. குட்டைக் கம்பி மரத்துக்குப் பின்னால் கட்டப்பட்ட படகுகளில் இதற்கு வழக்கமான காரணம் அதன் அதீத இறுக்கம்தான். குட்டைக் கம்பியைத் தளர்த்தி உயரக் கம்பியை ஏற்றினால் நடு முன்னால் போகும்.

அப்படியே ஸ்ப்ரெடரையும் ஒரு பார்வை. கம்பி அதன் நுனியில் மேலும் கீழும் ஒரே கோணம் போட வேண்டும், அப்படியென்றால் ஸ்ப்ரெடர் நுனி கொஞ்சம் மேல்நோக்கி இருக்கும். நுனி தொங்கினால் பாரம் ஏறும்போது கம்பியோடு வழுக்கிக் கீழே இறங்கிவிடும், அப்புறம் மரம் நிற்காது.

ஒரு டேக்கில் பறக்கிறது, இன்னொன்றில் மந்தம்

மரம் நடுவில் இல்லை. ஏற்றுக் கயிற்றில் ஸ்டீல் டேப்பைக் கட்டி மேலே ஏற்றி, இரண்டு பக்கச் செயின்பிளேட்டுக்கும் அளவெடுங்கள். வித்தியாசம் இருந்தால் நீளமாக உள்ள பக்கத்தை இறுக்கி, அதே எண்ணிக்கைக்கு மற்றப் பக்கத்தைத் தளர்த்துங்கள். செயின்பிளேட் இரண்டும் சமதூரத்தில் இருக்கின்றனவா என்று முன் கம்பியின் அடியிலிருந்து ஒருமுறை அளந்துகொள்வது நல்லது. கையால் செய்த ஃபைபர் உடம்பில் ஒரு விரல்கடை வித்தியாசம் அதிசயமில்லை.

அளவு சரியாக இருந்தும் மந்தம் என்றால் மறுபடியும் தண்ணீருக்குள்: சென்டர்போர்டு கோணலாக நிற்கலாம், அதில் வலை நூல் சிக்கியிருக்கலாம்.

காற்றை நெருங்கிப் போகவே மாட்டேன் என்கிறது

முன்னால் இருக்கும் சின்னப் பாயான ஜிப்பின் முன் ஓரத்தை அடியிலிருந்து பாருங்கள். அது மறைவுப் பக்கமாகத் தொய்ந்து வில் போல நின்றால், முன் கம்பிக்குப் போதிய இறுக்கம் இல்லை. பின் கம்பி உள்ள படகில் அதை இறுக்குங்கள். இல்லாத படகில் பின்னோக்கிச் சரிந்த உயரக் கம்பிகள்தான் முன் கம்பியை இழுத்துப் பிடிக்கின்றன, அவற்றை ஏற்ற வேண்டும். பின் கம்பி உள்ள படகில் அதை இறுக்காமல் முன் கம்பியின் டர்ன்பக்கிளை மட்டும் திருகினால் மரம் முன்னால் வருமே தவிர தொய்வு அவ்வளவாகப் போகாது. ஜிப் முன் ஓரத்திலேயே கம்பி வைத்துத் தைத்த பாய் என்றால், பாயை இழுத்துக் கட்டியதும் முன் கம்பி தளர்ந்து தொங்கும், அது அப்படித்தான்.

மெயின் பாயில் சுருக்கம்

மரத்தை ஒட்டிக் குறுக்குச் சுருக்கம் வந்தால் ஏற்றுக் கயிறு போதவில்லை. மரத்தோடு இணையாக நெட்டுச் சுருக்கம் என்றால் அதிகம் இழுத்துவிட்டீர்கள். பாயின் அடியில் படுத்திருக்கும் கழியான பூமின் பின்முனையிலிருந்து மரத்தின் நடு நோக்கிச் சாய்வாகக் கோடுகள் ஓடினால் மரம் பாய் தாங்குவதைவிட அதிகமாக முன்னால் வளைகிறது, குட்டைக் கம்பியைக் கொஞ்சம் ஏற்றுங்கள். பத்து வருஷம் வெயில் குடித்த பாயில் எதைத் திருகினாலும் சுருக்கம் போகாது, பாய் தைப்பவரிடம் போங்கள்.

போன வாரம் டியூன் செய்தேன், இப்போது மறுபடி தளர்வு

புதுக் கம்பி என்றால் முதல் சில ஓட்டத்தில் இழைகள் படிந்து கொஞ்சம் தளரும், சரி. பழைய கம்பி திரும்பத் திரும்பத் தளர்ந்தால் கம்பி நீளவில்லை, வேறு ஏதோ நகர்கிறது. மரம் உட்காரும் இடத்தின் கீழே மரக்கட்டை வைத்திருப்பார்கள், அது ஊறி இற்றுப்போய் அழுந்தும். மரத்தடியைச் சுற்றித் தளத்தில் குழி தெரிகிறதா, தண்ணீர் தேங்குகிறதா, சுத்தியல் பிடியால் தட்டினால் மக்கிய சத்தம் வருகிறதா பாருங்கள். செயின்பிளேட்டைச் சுற்றி நட்சத்திரம் போல வெடிப்பு, போல்ட் ஓரத்தில் பழுப்பு நீர்க்கோடு இரண்டும் கெட்ட சகுனம். இந்த நிலையில் மறுபடி இறுக்குவது படகை உடைக்கிற வேலை. மரத்தை இறக்கிவிட்டு ஃபைபர் வேலைக்காரரைக் கூப்பிடுங்கள்.

அலுமினியமும் ஸ்டெயின்லெஸ்ஸும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிபடுவது அலுமினியம். ரிவெட்டைச் சுற்றி வெள்ளைத் தூள் பூத்திருக்கிறதா, மரத்தடியில் உலோகம் மெலிந்திருக்கிறதா பார்க்க வேண்டும். முகத்துவாரம் மூடிய கோடையில் ஏரித் தண்ணீர் உப்புக் கரிப்பு ஏறிக் கிடக்கும், அந்த மாதங்களில் படகு கரையேறியதும் மரம், கம்பி, டர்ன்பக்கிள் எல்லாவற்றுக்கும் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள்.

டக் டக் என்று சத்தம்

பெரும்பாலும் ஏற்றுக் கயிறு மரத்தில் அடிக்கிறது. மரத்தடியில் கிறீச்சென்றால் அடிப்பகுதி ஆட்டம். பாரம் ஏறும்போது மட்டும் ஒரு "டிக்" கேட்டால் அலட்சியம் வேண்டாம், கம்பியை மாட்டும் ஊசியான கிளெவிஸ் பின்னின் ஓட்டை அகன்றிருக்கிறதா பாருங்கள்.

கம்பியில் பழுப்புக் கறை

மேலாகத் துடைத்தால் போகிற கறை பிரச்சினையில்லை. கம்பி குழலுக்குள் நுழைகிற இடத்தில் திரும்பத் திரும்பக் கசிகிற கறைதான் கவலை, உள்ளே காற்றுப் புகாமல் உப்புநீர் தேங்கி ஸ்டெயின்லெஸ் உள்ளுக்குள்ளேயே அரிபடுகிறது. பஞ்சை வைத்துக் கம்பி முழுக்க உருவுங்கள், இழை மாட்டினால் அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது. ஓர் இழை அறுந்தாலும் கம்பியை மாற்ற வேண்டியதுதான், டேப் சுற்றி இந்த சீசனை ஓட்டலாம் என்பதெல்லாம் வேண்டாம். வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் இந்த ஊர் வெயிலுக்கும் உப்புக்கும் பத்து வருஷத்துக்கு மேல் நான் நம்ப மாட்டேன். வாங்கும்போது 316 ரக ஸ்டெயின்லெஸ் கேளுங்கள், பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். கடையில் காந்தம் வைத்துக் காட்டுவார்கள். இழுத்து நீட்டிய கம்பியில் 316-கூட லேசாக ஒட்டும், 304 ரகத்திலும் ஒட்டாமல் போகலாம், அந்தச் சோதனையை நம்பாதீர்கள்.

டர்ன்பக்கிள் அசையவே இல்லை

முதலில் திசை சரியா பாருங்கள், ஒரு முனை வலது மரை, இன்னொன்று இடது மரை, நடு உடம்பைத்தான் திருப்ப வேண்டும். டர்ன்பக்கிள் தானாகச் சுழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னை எடுக்காமல் திருகுகிறவர்களும் உண்டு. வேலை முடிந்ததும் அதே பழைய பின்னை நிமிர்த்திப் போடாதீர்கள், புதிது போட்டு முனையை மடக்கி, பாய் கிழியாமல் டேப் சுற்றுங்கள். உப்பு இறுகியிருந்தால் வெந்நீர் ஊற்றி, எண்ணெய் விட்டு, ஒரு மணி நேரம் கழித்து இரண்டு பக்கமும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். இளகினால் கழற்றிக் கழுவி கிரீஸ் வையுங்கள். திருகும்போது கரகரவென்று கடித்துக்கொண்டு சூடேறுகிறது என்றால் மரை ஒட்டிக்கொண்டது, நெம்புகோல் போட்டுப் பயனில்லை, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அறுப்பதற்கு முன்னால் ஒரு ஏற்றுக் கயிற்றைக் கொண்டுவந்து அதே பக்கத்தில் உறுதியான இடத்தில் கட்டி இறுக்கி, மரத்தின் பாரம் அதில் ஏறிவிட்டதா என்று கம்பியை ஆட்டிப் பார்த்துக்கொண்டு, அப்புறம் பிளேடை வையுங்கள்.